இருசக்கர ஊர்தியில் ஆக்சன் கேமரா: தேர்வும் பொருத்துமுறையும்

முன்னுரை

தான் கண்டதைப் பிறர்க்குக் காட்ட விழைவது மனித இயல்பு. கல்லில் செதுக்கியும் சுவரில் தீட்டியும் ஏட்டில் எழுதியும் வந்த மனிதன், இன்று உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறு கருவியின் துணையால் தன் பயணம் முழுவதையும் பதிவு செய்துகொள்கிறான். கொல்லிமலையின் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும், வால்பாறைக்கு ஏறும் நாற்பது வளைவுகளையும், கிழக்குக் கடற்கரைச் சாலையின் விடியற்பொழுதையும் இருசக்கர ஊர்தியில் அமர்ந்தவாறே படம்பிடிக்கும் இளைஞர்களை இன்று எங்கும் காண்கிறோம். நம் வகுப்பறை மாணவர்களும் இதற்கு விலக்கல்லர். எக்கருவியை வாங்குவது, அதனை எங்கே பொருத்துவது என்னும் வினாக்களை அவர்கள் ஆர்வத்துடன் எழுப்புகின்றனர்.

இவ்வினாக்களுக்கு விளம்பரங்கள் தரும் விடை ஒருவகை. அறிவியலும் சட்டமும் தரும் விடை மற்றொரு வகை. ஒன்றிய அரசின் சாலை விபத்து அறிக்கையின்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 44 பேர் இருசக்கர ஊர்தியில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் பெற்ற மாநிலம் நம் தமிழ்நாடு. எனவே ஊர்தியிலோ தலைக்கவசத்திலோ புதிதாக ஒரு பொருளைச் சேர்க்கும்போது அது அழகைக் கூட்டுமா என்பதைவிட ஆபத்தைக் கூட்டுமா என்பதே முதலில் கேட்கத்தக்க வினா. அவ்வினாவை அடிப்படையாகக் கொண்டு, ஆக்சன் கேமராவைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பொருத்தும் முறையையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் தோற்றமும்

விரைந்த இயக்கத்தின்போது, கையில் ஏந்தாமல், உடலிலோ ஊர்தியிலோ பொருத்திப் படம்பிடிப்பதற்கென அமைந்த சிறு நிகழ்படக் கருவியே ஆக்சன் கேமரா ஆகும். மக்கள் வழக்கில் இது ‘கோப்ரோ’ என்றே பெரிதும் வழங்குகிறது. கோப்ரோ என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். செய்தவரின் பெயர் செய்யப்பட்ட பொருளுக்கு ஆகி வருவதைக் கருத்தாவாகுபெயர் என்று நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். அதற்கு இக்காலச் சாலையிலிருந்து கிடைக்கும் நல்ல எடுத்துக்காட்டு இது எனலாம்.

அந்நிறுவனத்தை 2002ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கியவர் நிக் உட்மன். கடலலையில் சறுக்கி விளையாடுவோர் தம்மைத் தாமே படமெடுத்துக்கொள்ள ஏதுவாக மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஒரு கருவியை அவர் எண்ணினார். 2004இல் விற்பனைக்கு வந்த முதற்கருவி 35 மி.மீ. படச்சுருளில் இயங்கியது. பின்னர் மின்னணுக் கருவிகள் வந்தன. 2018இல் வெளிவந்த ஹீரோ 7 பிளாக் என்னும் மாதிரி, படத்தின் அதிர்வைக் கருவிக்குள்ளேயே பெரிதும் நீக்கும் திறனுடன் அமைந்தது. 2019இல் டி.ஜே.ஐ. நிறுவனத்தின் ஆஸ்மோ ஆக்சன், முன்புறத்திலும் ஒரு திரையுடன் வந்தது. சீனத்தின் ஷென்சென் நகரைச் சேர்ந்த இன்ஸ்டா360 நிறுவனம் சுற்றுப்புறம் முழுவதையும் ஒருங்கே பதியும் கருவிகளையும், 2023இல் வெறும் 35 கிராம் எடையுள்ள கோ 3 என்னும் சிறு கருவியையும் வெளியிட்டது. அலைச்சறுக்கு வீரனின் மணிக்கட்டில் பிறந்த கருவி இவ்வாறு ஊர்தி ஓட்டுநரின் தலைக்கு வந்து சேர்ந்தது.

கைப்பேசி போதாதா?

கையிலிருக்கும் கைப்பேசியையே கைப்பிடியில் பொருத்திப் படமெடுக்கலாகாதா என்று சிலர் வினவலாம். கைப்பேசியின் உயர்தரக் கேமராக்களுள் வில்லையையோ உணரியையோ நுண்ணிதாக அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் பொறியமைப்பு உண்டு. ஆற்றல்மிக்க மோட்டார் சைக்கிள் எஞ்சினின் அதிர்வு கைப்பிடி வழியாக இடைவிடாது தாக்கினால் அவ்வமைப்பின் செயல்திறன் குன்றக்கூடும் என ஆப்பிள் நிறுவனமே 2021ஆம் ஆண்டு செப்டம்பரில் தன் வாடிக்கையாளரை எச்சரித்தது. ஆக்சன் கேமராக்களில் பெரும்பாலும் அசையும் வில்லை இல்லை. அவை தம் அசைவைச் சுழல்மானி என்னும் உணரியால் அளந்து, படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டி, கணக்கீட்டின் மூலமே நடுக்கத்தை நீக்குகின்றன. அதனால் அதிர்வைத் தாங்கும் வலிமை அவற்றுக்கு மிகுதி. வழி காட்டுவதற்கும் அவசர அழைப்பிற்கும் வேண்டிய கைப்பேசியைப் படப்பிடிப்பில் ஈடுபடுத்தி அதன் மின்சேமிப்பைத் தீர்த்துவிடுவதும் அறிவுடைமை அன்று.

தேர்வில் கருதத்தக்கவை

முதலாவது, எடையும் வடிவும். வழக்கமான ஆக்சன் கேமராக்கள் ஏறத்தாழ 150 கிராம் எடையுள்ளவை. கையில் ஏந்தும்போது இது பொருட்டன்று. தலைக்கவசத்தில் ஏறியவுடன் நிலை மாறுகிறது. காற்றின் எதிர்விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் கேமராவைத் தள்ளும் காற்று, 80 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்கு விசையுடன் தள்ளும். அவ்விசையைத் தாங்குவது கழுத்து. ஆதலால் தலைக்கவசத்தில் பொருத்த விரும்புவோர் இயன்றவரை சிறிய, எடை குறைந்த கருவியையே தேர்தல் வேண்டும்.

இரண்டாவது, படத்தின் தரம். நான்கு கே எனப்படும் தரத்தில் ஒவ்வொரு படச்சட்டமும் 3840க்கு 2160 புள்ளிகள் கொண்டது, முழு எச்.டி. தரத்தில் 1920க்கு 1080. புள்ளிகள் மிகுந்தால் தெளிவு மிகும். சேமிப்பிடமும் மிகுதியாக வேண்டும். நொடிக்கு 100 மெகாபிட் என்னும் அளவில் பதிவு செய்தால் ஒரு மணி நேரத்திற்கு 45 ஜிகாபைட் இடம் தேவைப்படும். 128 ஜிகாபைட் அட்டை மூன்று மணி நேரத்திற்குள் நிரம்பிவிடும். அட்டையின் கொள்ளளவைப் போலவே எழுதும் வேகமும் இன்றியமையாதது. ‘வி30’ என்னும் குறி பொறித்த அட்டை நொடிக்குக் குறைந்தது 30 மெகாபைட் எழுதவல்லது. அதற்குக் குறைந்ததை வாங்குதல் ஆகாது. நாள்தோறும் கல்லூரிக்கு வந்து செல்லும் வழியைப் பதிவதற்கு முழு எச்.டி. தரமே போதும், மலைப்பயணத்தின் அழகைப் பெரிய திரையில் காட்ட விழைவோர்க்கே நான்கு கே.

மூன்றாவது, நொடிக்கு எத்தனை படச்சட்டம் என்பது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் ஊர்தி ஒரு நொடியில் ஏறத்தாழ பதினேழு மீட்டர் கடக்கிறது. நொடிக்கு 30 சட்டங்கள் பதிந்தால் இரு சட்டங்களுக்கிடையே அரை மீட்டருக்கும் மேல் ஊர்தி நகர்ந்துவிடும். 60 சட்டங்கள் பதிந்தால் அது பாதியாகும். விபத்துச் சான்றாகப் பதிவைப் பயன்படுத்த எண்ணுவோர் 60ஐத் தேர்வது நன்று.

நான்காவது, பார்வைக்கோணம். அகன்ற கோணம் சாலையின் இருபுறத்தையும் காட்டும். வேகத்தை மிகைப்படுத்தியும் காட்டும். ஓரங்கள் வளைந்து தோன்றும். தொலைவிலுள்ளவை மிகச் சிறுத்துவிடும். முன்செல்லும் வண்டியின் எண்பலகையைப் படிக்க வேண்டுமெனில் அது மிக அருகில் இருத்தல் வேண்டும். அகன்ற கோணத்துப் படத்தில் எல்லாம் பதியும் என்று நம்பி ஏமாறுவோர் பலர்.

ஐந்தாவது, ஒளி. ஆக்சன் கேமராவின் உணரி சிறியது. பகலில் தெளிவாகப் பதியும் அது, இரவில் போதிய ஒளி பெறத் தன் திறப்பு நேரத்தை நீட்டிக்கொள்ளும். அந்நீட்டிப்பில் எழும் மங்கலை எந்தக் கணக்கீட்டாலும் நீக்க இயலாது. இரவுப் பயணம் மிகுதியாக உள்ளோர் பெரிய உணரி கொண்ட மாதிரியைத் தேடுதல் வேண்டும்.

ஆறாவது, மின்கலமும் வெப்பமும். உயர்தரப் பதிவில் ஒரு மின்கலம் ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு மணி நேரமே நிற்கும். ஆதலால் ஒன்றுக்கு மேற்பட்ட மின்கலங்களை உடன் வைத்திருத்தல் நலம். ஊர்தி ஓடும்போது காற்றால் குளிரும் கருவி, சித்திரை வெயிலில் சாலைச் சந்திப்பில் நிற்கும்போது சூடேறித் தானாகவே நின்றுவிடுவதுண்டு. பவர் பேங்க் இணைத்து நெடுநேரம் பதிவோர் ஒன்றை மறத்தலாகாது: மின்கம்பி செருகத் திறந்த மூடி வழியே மழைநீரும் புகும். பத்து மீட்டர் ஆழம் வரை நீர்புகாது என்னும் உறுதிமொழி, மூடிகள் அனைத்தும் மூடியிருக்கும்போது மட்டுமே பொருந்துவதாகும்.

ஏழாவது, ஒலி. மணிக்கு 50 கி.மீ. கடந்தால் வெளியிலுள்ள ஒலிவாங்கியில் காற்றின் இரைச்சலன்றி வேறொன்றும் பதியாது. தலைக்கவசத்தின் உட்புறம் வாயருகே ஒரு சிறு ஒலிவாங்கியை வைத்துக் கேமராவுடன் இணைப்பதே தீர்வு. அதற்கு வாய்ப்புள்ள மாதிரியா என்பதை வாங்குமுன் அறிதல் வேண்டும்.

இவை அனைத்திற்கும் முன்னதாக ஒரு செய்தி. தலைக்கவசத்திற்குச் சில நூறு ரூபாயும் கேமராவிற்குப் பல்லாயிரம் ரூபாயும் செலவிடுவது முறைகெட்ட கணக்கு. 2021 ஜூன் 1 முதல் இந்தியத் தரநிலை அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற தலைக்கவசங்களை மட்டுமே விற்க இயலும் என்பது சட்டம். 2022இல் தலைக்கவசம் அணியாமல் உயிர்நீத்தோர் 50,029 பேர். முதலில் நல்ல தலைக்கவசம், பின்னரே கேமரா என்பது வரிசை.

எங்கே பொருத்துவது?

கேமராவைப் பொருத்தும் இடங்களைத் தலை, மார்பு, ஊர்தி என மூன்றாகப் பகுக்கலாம்.

தலைக்கவசத்தின் உச்சி, பலரும் முதலில் எண்ணும் இடம். ஆயினும் அதுவே மிகத் தகாத இடம். காற்றின் விசை முழுவதும் அங்கே நெம்புகோல்போல் கழுத்தைப் பின்னுக்கு இழுக்கும். தாழ்ந்த மரக்கிளையும் கம்பியும் அதனைப் பற்றக்கூடும். பக்கவாட்டில் பொருத்தினால் எடை ஒருபுறமாகச் சாய்ந்து, நெடும்பயணத்தில் கழுத்துவலியைத் தரும். தலையைத் திருப்பிப் பின்னால் வரும் ஊர்தியைக் காணும்போது காற்று அதனைத் தள்ளும்.

முகம் முழுதும் மூடும் தலைக்கவசத்தின் தாடைப்பகுதி இவ்விரண்டினும் மேலானது. எடை நடுவில் அமைகிறது. காற்றின் நெம்புவிசை குறைகிறது. படம் கண்ணுயரத்திற்கு அணித்தாக அமைவதால் ஓட்டுநர் காண்பதையே காட்டுகிறது. கைப்பிடி, வேகமானி, இரு பக்கக் கண்ணாடிகள் யாவும் படத்தில் அடங்கும். ஊர்தி வளைவில் சாயும்போதும் ஓட்டுநர் இயல்பாகத் தலையை நேராக வைத்துக்கொள்வதால் அடிவானம் பெரிதும் சாயாமல் நிற்கும். ஆனால் காற்றுத்துளைகளை அடைத்தலும், முகக்கண்ணாடி திறப்பதைத் தடுத்தலும் கூடா. தாடை தூக்கித் திறக்கும் வகைத் தலைக்கவசத்தில், திறக்கும் பொத்தானைப் பட்டையால் மறைத்துவிட்டால் விபத்தின்போது உதவ வருவோர் தவிப்பர்.

மார்புக்கச்சு தலையின் சுமையைத் தவிர்க்கிறது. ஓட்டுநரின் கைகளும் கைப்பிடியும் படத்தில் விளங்கும். உடல் அதிர்வை உறிஞ்சுவதால் படமும் அமைதியாக இருக்கும். பாதி முகம் திறந்த தலைக்கவசம் அணிவோர்க்கு இது ஒரு வழி. எனினும் முன்புறமாக வீழ்ந்தால் மார்பெலும்பிற்கும் தரைக்கும் இடையே ஒரு கடினப்பொருள் இருக்கும் என்பதை நினைத்தல் வேண்டும். குனிந்து ஓட்டும் வகை ஊர்தியில் எரிபொருள் கலமே படத்தை நிறைத்துவிடும்.

ஊர்தியில் பொருத்துதலே உடலுக்குத் தீங்கற்ற முறை. கைப்பிடித் தண்டு, பக்கக் கண்ணாடியின் தண்டு, விபத்துத் தடுப்புக் கம்பி ஆகியன ஏற்ற இடங்கள். இங்கே எதிரி அதிர்வு. ஒற்றை உருளை எஞ்சின் நிமிடத்திற்கு 3000 சுற்று சுழலும்போது நொடிக்கு 50 முறை அதிர்கிறது. கேமராவின் உணரியோ படத்தை ஒரே நேரத்தில் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாகப் பதிகிறது. ஒரு வரியைப் பதிந்து அடுத்த வரிக்குச் செல்வதற்குள் கருவி அசைந்துவிடுவதால், படம் கூழ்போல் நெளிகிறது. இதற்கு மருந்து மூன்று: பிடிப்பானுக்கும் தண்டிற்கும் இடையே இரப்பர்ப் பட்டை இடுதல், நீட்டுக் கைகளைத் தவிர்த்துக் கேமராவைத் தண்டிற்கு ஒட்டியே அமைத்தல், மெல்லிய தகட்டை விடுத்துத் தடித்த கம்பியைத் தேர்தல்.

பொருத்தியபின் கைப்பிடியை இருபுறமும் முழுமையாகத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பிரேக், கிளட்ச் கம்பிகள் எங்கும் சிக்கலாகாது. முகப்பு விளக்கும் திசைகாட்டி விளக்கும் எண்பலகையும் மறைதல் கூடாது. முன்சக்கரக் கவட்டில் பொருத்தும் பழக்கம் சிலரிடம் உண்டு. கழன்றால் சக்கரத்திற்குள் விழும் இடம் அது, ஆகவே விலக்கத்தக்கது.

ஒட்டும் முறை

தலைக்கவசத்தில் கேமராவைப் பிணைப்பது பெரும்பாலும் இருபுறமும் பசையுள்ள நுரைப்பட்டையே. அதன் வலிமை மூன்றைப் பொறுத்தது: தூய்மை, அழுத்தம், காலம். ஒட்டும் இடத்தை மென்மையான சோப்பு நீரால் கழுவி, நன்கு உலர்த்துக. பெட்ரோல், தின்னர் போன்றவற்றால் துடைத்தல் அறவே கூடாது. அவை தலைக்கவசத்தின் நெகிழி ஓட்டைக் கண்ணுக்குத் தெரியாமல் நலிவுறச் செய்யும். அடிபடும் நாளில்தான் அந்நலிவு வெளிப்படும். படச்சீட்டுகளின் மீதோ சொரசொரப்பான வண்ணத்தின் மீதோ ஒட்டுவது பயன்தராது. தலைக்கவசத்தின் வளைவும் தாங்கியின் வளைவும் பொருந்தி, இடையே காற்றுக்குமிழ் இல்லாதவாறு அரை நிமிடம் அழுத்துக. பின்னர் ஒரு முழுநாள் கேமராவை ஏற்றாமல் விடுக. பசை தன் வலிமையை உடனே பெறுவதில்லை. 24 மணி நேரத்தில்தான் பெரும்பகுதி வலிமையை எய்துகிறது. காலையில் ஒட்டி மாலையில் புறப்படுவோரின் கேமராக்களே பெரும்பாலும் சாலையில் வீழ்கின்றன.

அவ்வாறு வீழ்வது உரிமையாளரின் இழப்பு மட்டுமன்று. 60 கி.மீ. வேகத்தில் ஓட்டுநரிடமிருந்து பிரியும் 150 கிராம் கேமரா, ஏறத்தாழ 14 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல்லின் வேகத்தை உடையது. பின்னால் வருபவரின் முகத்தில் அது பட்டால் நேர்வது என்ன என்பதை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனவே ஊர்தியில் பொருத்தும் கேமராவிற்கு வலிய கயிறொன்றைத் துணைக்கட்டாக இடுதல் கட்டாயம். திருகுகளை ஒவ்வொரு பயணத்திற்கு முன்னும் கையால் முறுக்கிப் பார்த்தல் வேண்டும். அதிர்வு திருகுகளைத் தளர்த்தும்.

தலைக்கவசத்திலோ நெறி வேறு. அங்கே தாங்கி, பயணத்தில் நிலைத்தும் மோதலில் கழன்றும் விடுவதாக இருத்தல் வேண்டும். தலைக்கவசம் தரையில் உரசி வழுக்கிச் செல்லுமாறு வழவழப்பாக அமைக்கப்பட்டது. அதில் துருத்தி நிற்கும் பொருள் தரையைப் பற்றினால் தலை திடீரெனத் திரும்பும். கழுத்தும் மூளையும் பாதிக்கப்படக்கூடும். ஆகவே தலைக்கவசத்தில் துளையிடுதல், திருகுதல், கம்பியால் கட்டுதல் ஆகியன ஒருபோதும் செய்யத்தகாதவை. ஐரோப்பியத் தரநிலையான இ.சி.இ. 22.06, தலைக்கவசத்துடன் இணைக்கப்படும் எப்பொருளும் காயம் விளைவிக்காத வகையில் அமைதல் வேண்டும் என வற்புறுத்துகிறது. கேரள மாநில மோட்டார் வாகனத் துறை 2022ஆம் ஆண்டில் தலைக்கவசத்தில் கேமரா பொருத்துவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும் என அறிவித்தது. மாநில எல்லையைக் கடந்து செல்வோர் அங்கங்கே நிலவும் விதியை அறிந்தே புறப்படுதல் வேண்டும். ஐயமிருப்பின் ஊர்தியில் பொருத்துவதே பாதுகாப்பு.

பயணத்திற்கு முன்னும் பயணத்திலும்

ஊர்தியின் மீது அமர்ந்து, தலைக்கவசம் அணிந்து, வழக்கமாக ஓட்டும் நிலையில் இருந்துகொண்டே கேமராவின் கோணத்தைச் சரிசெய்தல் வேண்டும். நின்றநிலையில் நேராகத் தோன்றும் கேமரா, அமர்ந்து குனிந்தால் தரையையே காட்டும். தெருவில் ஒருமுறை ஓட்டிப் பதிவைப் பார்த்தபின் நெடும்பயணம் தொடங்குக.

புறப்படுமுன் பதிவைத் தொடங்கி, நின்றபின் நிறுத்துவதே நன்னெறி. ஓடும் ஊர்தியில் ஒரு கையை எடுத்துப் பொத்தானைத் தேடும் இரண்டு நொடிகளில், 60 கி.மீ. வேகத்தில், ஊர்தி 33 மீட்டர் கடந்திருக்கும். அத்தொலைவு முழுவதும் ஓட்டுநரின் கவனம் சாலையில் இல்லை. கேமராவின் நாள், நேரத்தைச் சரியாக அமைத்தலும் வேண்டும். மின்கலம் முழுதும் தீர்ந்தபின் சில கருவிகளின் நேரம் மாறிவிடும். தவறான நேரம் காட்டும் பதிவு சான்றாகும்போது ஐயத்திற்கு இடந்தரும்.

பதிவும் சான்றும்

விபத்து நேர்ந்த இடத்தில் கேமராவின் பதிவு உண்மையை விளக்க வல்லது. ஆயினும் அதற்கு ஒரு நெறி உண்டு. முதற்கடமை, காயமுற்றவர்க்கு உதவுதல். அடுத்து, அட்டையைக் கழற்றிப் பாதுகாத்தல். அதனை வெட்டவோ ஒட்டவோ சுருக்கவோ கூடாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷிய அதிநியமம், 63ஆம் பிரிவில் மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்கும் முறையைக் கூறுகிறது. பதிவுடன் உரிய சான்றிதழ் இணைக்கப்படல் வேண்டும். பதிவு மாற்றப்படவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் என்னும் எண்ணுரு அடையாளமும் அதில் இடம்பெறல் வேண்டும். சமூக ஊடகத்தில் முதலில் வெளியிட்டுப் பின்னர்க் காவல்துறையிடம் தருவது முறைபிறழ்ந்த செயல்.

மற்றொன்றையும் மாணவர்கள் உணர்தல் வேண்டும். கேமரா யார் பக்கமும் சாராதது. பிறர் பிழையைக் காட்டும் அதே பதிவு, தம் வேகமானியையும் காட்டும். தாம் கடந்த சிவப்பு விளக்கையும் காட்டும். கேமரா பொருத்தியவன் தன்னுடன் ஒரு சாட்சியை ஏற்றிச் செல்கிறான்.

பிறர் உரிமை

தனிமனித அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. சாலை பொதுவிடம் ஆயினும், சாலையோரத்தில் வாழ்வோரின் வாழ்வு காட்சிப்பொருள் அன்று. குழாயடியில் நிற்கும் பெண்கள், பள்ளி வாயிலில் நிற்கும் சிறார், விபத்தில் குருதி சிந்திக் கிடப்பவர் ஆகியோரின் முகத்தை அவர்தம் இசைவின்றி வெளியிடுதல் பண்பாகாது. எண்பலகையையும் முகங்களையும் மறைத்து வெளியிடுவதற்கு எளிய மென்பொருள்கள் உள்ளன. ஒருவர் வீட்டு வாயிலில் நம்மைப் பிறர் படம்பிடித்தால் நமக்கு எவ்வாறு இருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதே போதிய அளவுகோல்.

காட்சியின் கவர்ச்சி

கேமரா ஓட்டுநரை மாற்றும் ஆற்றல் உடையது என்பது இறுதியாகக் கூறத்தக்கது. பார்ப்பவர் இல்லாதபோது 50 கி.மீ. வேகத்தில் செல்பவர், பின்னாளில் பல்லாயிரவர் பார்ப்பர் என்னும் நினைவு வந்ததும் 100ஐ நாடுகிறார். 2023 மே மாதம் யமுனா விரைவுச் சாலையில் யூடியூப் வழியே பெயர்பெற்ற இளைஞர் ஒருவர், மணிக்கு 300 கி.மீ. வேகத்தை எட்ட முயன்றபோது உயிரிழந்ததாகச் செய்திகள் வந்தன. அவ்வாண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த நெடுஞ்சாலையில் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்ட முயன்று வீழ்ந்த மற்றோர் இளைஞர் காயங்களுடன் உயிர் பிழைத்தார், கைதானார், அவருடைய ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்து செய்யப்பட்டது. இவ்விருவர் வீழ்ச்சிக்கும் கேமரா காரணமன்று; கேமராவின் பின்னே நின்று பார்ப்போரை மகிழ்விக்க வேண்டும் என்னும் வேட்கையே காரணம் எனலாம். அவ்வேட்கையில், காட்சியைக் கண்டு களிக்கும் நமக்கும் பங்குண்டு. விரைவைப் புகழ்வதை நாம் நிறுத்தினால் விரைவு காட்டுவோரும் குறைவர்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ஆக்சன் கேமராவைத் தேர்வதில் எடை, படத்தரம், சட்ட வேகம், கோணம், ஒளி, மின்கலம், ஒலி ஆகிய ஏழும் கருதத்தக்கன என்பதும், அன்றாடப் பயணத்திற்கு உயர்விலைக் கருவி வேண்டுவதில்லை என்பதும் பெறப்பட்டன. பொருத்துமுறையில் ஊர்தியே முதலிடம் பெறுகிறது, தலைக்கவசத்தில் பொருத்துவதாயின் விதி இடந்தருமா என அறிந்து, தாடைப்பகுதியில், கழலத்தக்க பிணைப்புடன் பொருத்துதல் வேண்டும், உச்சி விலக்கத்தக்கது. பதிவைச் சான்றாகக் காப்பதற்கும் பிறர் உரிமையைப் பேணுவதற்கும் நெறிகள் உள்ளன.

கருவி நன்று, பயணமும் நன்று. ஆயின் எந்தப் பயணத்திலும் முதன்மையான காட்சி, வாயிலில் காத்திருக்கும் பெற்றோர் முன் ஊர்தி வந்து நிற்கும் காட்சியே. அதனைப் பதிவு செய்யக் கேமரா வேண்டுவதில்லை. அது நாள்தோறும் தவறாமல் நிகழ வேண்டும் என்பதொன்றே வேண்டும். இளைஞர்கள் இதனை உளங்கொண்டு கருவியைக் கையாள்வார்களாக.